பீப்பாயின் பதில்

டொராண்டோ
20 ஜனவரி 1985

மேடைப் பேச்சாளர் திருவாளர் பெப்பர் அவர்களுக்கு,

ஆல்வின் என்று எழுதக் கை வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டது ஆல்வினை. கேசட்டில் பேசுகிறவன் பெப்பர். ஆகவே இது அவனுக்கு.

என்னோடு வேலை பார்க்கும் நம் ஊர் ஜெம்மா கிறிஸ்துமஸுக்கு டிரினிடாட் போய்விட்டுப் போன வாரம் திரும்பி வந்தாள். ஒரு துண்டு ரம் கேக், ஒரு குப்பி மிளகாய்ச் சாறு, ஒரு கேசட். "அக்கா, நம்ம ஜங்ஷன் மீட்டிங்க அப்படியே பதிஞ்சு கொண்டாந்திருக்கேன். உன் வீட்டுக்காரன் பிச்சு உதறியிருக்கான்" என்றாள். இங்கே இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் என் சமையலறைக்குக் கூப்பிட்டேன். பெருமை பிடித்துத்தான் கூப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஜெனரேட்டர் சத்தம் வந்தது. பிறகு மைக் வீறிட்டது. பின்னால் எங்கேயோ எர்மின், "சோளச் சூப்பு, சூடா இருக்கு, பல்லு இல்லாதவங்களும் குடிக்கலாம்" என்று கூவுகிறாள். தவளைகள் கத்துகின்றன. நீ வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அழுதுவிட்டேன். பொவா கனோ ஊர் முழுக்க அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது, நான் மட்டும் வெளியே இருந்தேன்.

அப்புறம் நீ வாயைத் திறந்தாய்.

"எல்லாரும் கேக்கறாங்க, பெப்பர், உன் பொண்டாட்டி எங்கேன்னு. அவ கனடாவுல இருக்கா ஐயா. ஃப்ரிட்ஜுக்குள்ள குடித்தனம். அப்பப்ப ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து எனக்கு ஒரு பீப்பாய் அனுப்புவா. உள்ள அரிசி, சோப்பு, டப்பா மீன். நான் கட்டினது பொண்டாட்டி, வந்து சேர்றது பீப்பாய். போனா போகுதுன்னு ராத்திரி அதையே கட்டிப்பிடிச்சுத் தூங்கறேன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. இடுப்பு அதே இடுப்பு. பதில் பேசாது, அது ஒண்ணுதான் புதுசு."

சமையலறையில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் பிக்கோங் தாங்காதவள், நாலு பேர் முன்னால் நக்கல் பண்ணினால் முகம் சுருங்குகிறவள் என்று பேர் வந்துவிடும். நம் ஊரில் ஒருத்திக்கு அதைவிடக் கெட்ட பேர் கிடையாது.

நான் பீப்பாயில் வைத்து அனுப்பிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நடுங்கிக் காட்டினாயாம். ஜெம்மா நடித்தே காட்டினாள். அந்தக் கோட்டை எதற்கு அனுப்பினேன் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

நீ இங்கே வந்து குடியேறுவதற்கான காகிதங்கள் நவம்பரிலேயே உன் கைக்கு வந்துவிட்டன. கையெழுத்துப் போட்டு விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி. கோக்கோ அறுவடை முடியட்டும் என்றாய். பிறகு கிறிஸ்துமஸ் போகட்டும் என்றாய். இப்போது தேர்தலாம். முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்குப் போர்வை போர்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து ஒற்றைத் தலையணையில் படுத்து நான்கு வருஷம் ஆகிறது ஆல்வின். பார், கோபத்தில் பேரை மாற்றி எழுதிவிட்டேன்.

யூடீன்


பொவா கனோ ஜங்ஷன்
3 பிப்ரவரி 1985

என் யூடீன்,

பெப்பர் வீட்டில் இல்லை. கடிதத்தை ஆல்வின்தான் வாங்கினான். படித்ததும் பெப்பரைத் தேடிப் பிடித்து இரண்டு அறை கொடுத்தான். போதுமா, இன்னும் இரண்டு கொடுக்கச் சொல்லட்டுமா?

நீ போன பிறகு இங்கே எதுவும் மாறவில்லை. குழாயடியில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. போன தேர்தல் செல்லாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். பெட்டியில் விழுந்த ஓட்டு ஊரில் உள்ள ஆட்களைவிட அதிகமாம். அதனால் நம் வார்டுக்கு மட்டும் மறுபடி தேர்தல். மறுபடி குடைக் கட்சி, மறுபடி மிஸ்டர் பெடாசி, மறுபடி "அடுத்த வருஷம் தண்ணி". அந்த மனுஷன் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்தவரில்லை. அவர் வரும்வரை ஜனம் கலையாமல் பிடித்து வைப்பது என் பொறுப்பு.

சனிக்கிழமைதோறும் ஜங்ஷன் பார்க்க வேண்டுமே நீ. இந்த முனையில் எங்கள் லாரி. அந்த முனையில் லாந்தர் கட்சி லாரி, அதில் டம்ப்ளிங் பேசுகிறான். ஞாபகம் இருக்கிறதா, பேக்கரியில் வேலை பார்த்த அந்தக் குண்டன். நடுவில் ஜனம். நான் ஒன்று சொன்னால் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கும். அவன் ஒன்று சொன்னால் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கும். பாதிப் பேர் மேலே குடை பனியன், உள்ளே லாந்தர் பனியன். கோழிச் சோற்று அண்டா எந்த லாரியிலிருந்து முதலில் இறங்குகிறதோ அதற்குத் தக்கபடி கழற்றிக்கொள்வார்கள்.

பிக்கோங்குக்குக் கோபப்படலாமா யூடீன்? அது என்னவென்று எனக்குக் காட்டியவளே நீதானே. இதே ஜங்ஷன், இதே குடைக் கட்சி. நான் மேடையில் நின்று, "பொண்ணுங்களே, இத்தனை அழகா இருந்தும் நான் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். எர்மினின் சூப்புப் பானைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "உன் வீட்டுல கண்ணாடி இருக்கு, எங்க வீட்டுல கண்ணு இருக்கு." ஜனம் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. மேடையை விட்டு இறங்கி நேராக வந்து உன் பேரைக் கேட்டேன்.

அன்றையிலிருந்து மேடையில் எதைச் சொன்னாலும் அந்தப் பானைப் பக்கம்தான் பார்ப்பேன், பதில் வருகிறதா என்று. பானை இருக்கிறது, எர்மின் இருக்கிறாள். பதில்தான் இல்லை.

கோட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. எங்கே வாங்கியது என்று ஊரே கேட்கிறது. முன்னால் அனுப்பிய சாக்ஸும் கையுறையும்கூட வீண் போகவில்லை. அந்தக் கம்பளிச் சாக்ஸில் காப்பி வடிகட்டினால் ஒரு பொட்டுத் தூள் இறங்குவதில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நண்டு பிடிக்கப் போகிறேன், ஒரு கடி கிடையாது. எல்லாம் யோசித்துத்தான் அனுப்புகிறாய்.

நீ ஒரு மாதம் இங்கே வந்துவிட்டுப் போயேன். கடைக்கு டெலிபோன் செய்யாதே, கடைக்காரன் ரிசீவரில் பாதிக் காதை வைத்துக்கொள்கிறான். எழுது.

உன் ஆல்வின்


டொராண்டோ
16 பிப்ரவரி 1985

ஆல்வின் அல்லது பெப்பர், யார் முதலில் வாங்குகிறார்களோ அவர்களுக்கு,

சாக்ஸில் காப்பி வடிகட்டுவதைப் படித்துவிட்டு ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வருவதற்குள் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. எதற்கு என்று உனக்குத் தெரியாது. சாக்ஸில் காப்பி வடிகட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இந்த ஊரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. காலையில் ரயிலில் மூச்சுவிட இடம் இருக்காது. ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நம் ஜங்ஷனில் நின்றால் முன்னால் நிற்பவன் சிரிப்பது முதுகில் தெரியும். எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம். மிஸ்டர் பெடாசியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த முதுகுகளுக்கு நடுவே ஒரு தடவை நிற்கத்தான் ஆசை.

அந்தக் கேசட்டை வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப் போனேன். மிஸஸ் ஹோலோவ்கோ என்று உக்ரைன்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். யாரோடும் பேச மாட்டார், ஆங்கிலமும் தெரியாது. அவருடைய படுக்கை விரிப்பை மாற்றும்போது போட்டேன். உன் பீப்பாய் ஜோக் வந்து ஜனம் சிரித்ததா, அவரும் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை புரியாது. இன்னொரு தடவை போடு என்று கையைக் காட்டினார். என் இடுப்பைக் கேலி செய்யும் ஜோக்கை நானே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

நேற்று ஊரிலிருந்து ஜெம்மாவின் அம்மா அவளுக்கு டெலிபோன் செய்திருந்தாள். டம்ப்ளிங் ஒரு பீப்பாய்க்குக் கவுன் மாட்டி, தேவாலயத்துக்கு நான் வைத்துக்கொள்வது போலத் தொப்பியும் வைத்து, மேடையில் அதோடு ஜோடி சேர்ந்து ஆடினானாம். "இதோ மிஸஸ் பெப்பர், லாந்தர் பக்கம் வந்துட்டாங்க" என்றானாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், "பீப்பாய் எப்ப வருது?" என்றுதான் என்னை விசாரிக்கிறார்களாம்.

டம்ப்ளிங் மேல் எனக்குக் கோபமில்லை. மேடையில் வைத்த பண்டத்தை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். வைத்தவன் நீ. அவன் ஆடியபோது நீ எங்கே நின்றாய்? சிரித்தாயா? அதை மட்டும் எழுது.

ஒரு மாதம் வரச் சொல்கிறாய். வந்தால் நான் வாளியோடு குழாயடியில் நிற்பேன், நீ லாரி மேல் நிற்பாய். அதற்கு எதற்கு விமானம்?

யூடீன்


பொவா கனோ ஜங்ஷன்
1 மார்ச் 1985

யூடீன்,

சிரித்தேன்.

எங்கள் லாரி மேல் நின்றுகொண்டிருந்தேன். அவன் அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி ஆடினான். ஜனம் முழுக்க அங்கே பார்த்துவிட்டு அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பல்லைக் காட்டினேன். கையும் தட்டினேன். "டம்ப்ளிங், மெதுவா ஆடு, உனக்கு இடுப்பு எங்க இருக்குன்னு பீப்பாய்க்கே தெரியல" என்று ஒன்று எடுத்தும் விட்டேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது வழியில் பாலத்துக்கு அருகே நின்று வாந்தி எடுத்தேன்.

அந்த ஜோக்கை நான் கட்டிச் சொல்லவில்லை யூடீன். நீ அனுப்பிய முதல் பீப்பாய் வந்த அன்று சாமான்களை எடுத்துவிட்டு மூடியைப் போடப் போனேன். உள்ளே நீ குளிக்கும் சோப்பின் வாசனை. அதைக் கட்டில் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். கையை அதன் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? ரம் கடையில் சொன்னால் அழுகிறான் என்பார்கள். மேடையில் சொன்னேன், சிரித்தார்கள். உன்னைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசுகிற இடம் அந்த லாரி ஒன்றுதான்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உன்னைப் பார்ப்பதற்கு முந்தின வருஷம் நான் ஒரு அறுவடைக்காலம் கனடாவில் இருந்திருக்கிறேன். புகையிலைத் தோட்டம். போனதை மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன், எப்படித் திரும்பினேன் என்று சொன்னதில்லை. முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் முதலாளியிடம் ஒரு ஜோக் சொன்னேன். "என்ன?" என்றார். திரும்பச் சொன்னேன். "என்ன?" என்றார். மூன்றாவது தடவை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பாவம், மரியாதைக்குத் தலையை ஆட்டினார். அன்றையிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியிலேயே விழுங்க ஆரம்பித்தேன். கடைசி மாதம் நான் வாயையே திறக்கவில்லை. கூட இருந்தவர்கள் எனக்கு ஊமை என்று பேர் வைத்தார்கள். எனக்கு, யூடீன்.

உனக்காக எங்கே வேண்டுமானாலும் வருவேன். ஆனால் வந்து இறங்குகிறவன் நீ கட்டிக்கொண்ட ஆளாக இருப்பானா என்பது எனக்குத் தெரியவில்லை. கோக்கோ, கிறிஸ்துமஸ், தேர்தல் எல்லாம் இதை மூடிவைக்கப் போட்ட சாக்கு.

ஆல்வின்


டொராண்டோ
11 மார்ச் 1985

ஆல்வின்,

இந்தத் தடவை யோசிக்காமலே இந்தப் பேர் வந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை? இத்தனை வருஷமும் நீ கைதட்டலை விட்டு வர மனசில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்து உன்னை எத்தனை திட்டியிருப்பேன். பல்லை விளக்கும்போதுகூடத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் இரக்கத்துக்காக என் கணக்கை விட்டுவிட மாட்டேன். என்னை ஜங்ஷனில் வைத்துப் பேசினாய். பிக்கோங் வாங்கினவருக்குத் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. நம் ஊரில் இதை எந்தக் கட்சியும் மறுக்க முடியாது. சூப்புப் பானைப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? இதோ வருகிறது.

உள்ளே இன்னொரு உறை இருக்கிறது. ஒட்டியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கூட்டம் 30ஆம் தேதி சனிக்கிழமை என்று ஜெம்மாவின் அம்மா சொன்னாள். ஏழு மணிக்கு லாரி மேல் ஏறி, மைக் முன்னால் நின்று, எல்லாரும் பார்க்க அதை உடைத்துப் படி. உன் ஜோக் எனக்கு எப்படி வந்ததோ, நாலு பேருக்கு நடுவே, முன்கூட்டித் தெரியாமல், அதே போல் உனக்கும் வரட்டும். ஒரு எழுத்தை விடக் கூடாது. என்ன செய்யச் சொல்லியிருக்கிறேனோ அதையும் செய்ய வேண்டும்.

முடியாது என்றால் அடுப்பில் போட்டுவிடு. நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பீப்பாயும் வராது, கடிதமும் வராது. இதில் ஜோக் இல்லை.

யூடீன்


பொவா கனோ ஜங்ஷன்
22 மார்ச் 1985

யூடீன்,

உறை வந்தது. உடைக்கவில்லை. கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நீ தடித்த காகிதமாகப் பார்த்து வாங்கியிருப்பாய்.

மிஸ்டர் பெடாசி கடைசிக் கூட்டத்துக்கு லாந்தர் ஜோக் மட்டும் போதும், வேறு எதுவும் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எர்மினிடம் விஷயத்தைச் சொன்னேன். "பொண்ணு எழுதினதைப் படிடா. உன் ஜோக்கைக் கேட்டுக் கேட்டு என் சூப்பே புளிச்சுப்போச்சு" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து வருஷம் பழக்கமான லாரி, இதுவரை அதில் ஏறப் பயந்ததில்லை. படிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆல்வின்


பொவா கனோ ஜங்ஷன்
31 மார்ச் 1985

என் யூடீன்,

படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஏறினேன். வழக்கம் போல் கோட்டைப் போட்டிருந்ததால் ஜனம் நடுக்கத்துக்காகக் காத்திருந்தது. "இன்னிக்கு நான் பேசல. எனக்கு ஒரு பதில் வந்திருக்கு" என்றேன். பையிலிருந்து உறையை எடுத்ததும் அந்த முனையில் டம்ப்ளிங்கே பேச்சை நிறுத்திவிட்டான். உடைத்துப் படித்தேன்.

"பொவா கனோ சனங்களே, குடைக்காரங்களே, லாந்தர்காரங்களே, ரெண்டு பனியனும் போட்டிருக்கிற புத்திசாலிங்களே, எல்லாருக்கும் வணக்கம். நான்தான் பீப்பாய் பேசறேன்."

ஜங்ஷன் வெடித்தது. சிரிப்பு அடங்க நான் காத்திருந்தேன், என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கு நானே இடம் விட்டுப் படித்தேன்.

"பீப்பாய் பதில் பேசாதுன்னு இந்த ஆளு சொன்னாராம். நான் ரொம்ப நாளா பேசிட்டுத்தான் இருக்கேன். அடியில என்ன வெச்சு அனுப்பினேன்னு கேளுங்க. முதல்ல கம்பளிச் சாக்ஸ் வெச்சேன். இவரு அதுல காப்பி வடிகட்டினாரு. சரி, புரியலபோலன்னு கையுறை வெச்சேன். மாட்டிக்கிட்டு நண்டு பிடிக்கப் போயிட்டாரு. கடைசியில முழுசா ஒரு கோட்டே வெச்சேன். போட்டுக்கிட்டு உங்க முன்னாடி ஆடறாரு. நம்ம ஊர்ல பனி பெய்யுதா சனங்களே? பெய்ஞ்சா மிஸ்டர் பெடாசி அதையும் குழாயில விடறேன்னு சொல்லியிருப்பாரே. ஒரு பொம்பளை புருஷனுக்குக் குளிர்காலத் துணி அனுப்பினா என்ன அர்த்தம்னு இந்த மேதைக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்க."

லாந்தர் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், "வாடான்னு அர்த்தம்டா மடையா" என்று கத்தினார்.

யூடீன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பீப்பாயிலும் கூப்பிட்டிருக்கிறாய். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது.

டம்ப்ளிங்குக்கு நீ கொடுத்ததையும் படித்தேன். "டம்ப்ளிங் தம்பி, பீப்பாய்க்குக் கவுன் மாட்டினியாமே. அவ்வளவு துணி எதுக்கு வீணாக்கின, உன் பனியனை மாட்டியிருந்தா கச்சிதமா இருந்திருக்கும்." அவன் தொப்பியைக் கழற்றி அந்த லாரியிலிருந்தே குனிந்து வணங்கினான்.

பிறகு அந்த வரி வந்தது. "இவரு ஏன் இன்னும் வரலன்னு எனக்கு ஒரு காரணம் எழுதியிருக்காரு. அதை இங்க சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ள சொன்னது வீட்டுக்குள்ளதான் இருக்கணும். மேடைக்காரரு கொஞ்சம் கவனிச்சுக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வரியை இன்னொரு தடவையும் படித்தேன். நீ நினைத்திருந்தால் அந்தப் புகையிலைத் தோட்டத்தை இந்த ஜங்ஷனில் கொட்டியிருக்கலாம். நான் உன் இடுப்பைக் கொட்டியவன்.

மீதியைப் படித்தேன். "இப்ப ஓட்டு. கட்சி பேதம் வேண்டாம். இவரு இங்கயே இருந்து உங்களைச் சிரிக்க வைக்கட்டும்னு நினைக்கிறவங்க கையைக் கட்டிக்குங்க. என்கிட்ட அனுப்பிடலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க. தீர்ப்பு எதுவா இருந்தாலும் நான் கட்டுப்படறேன்."

ஒரு கைகூட எழவில்லை. எனக்குள் இருந்த பாவி ஒருத்தன் சந்தோஷப்பட்டான். பார்த்தாயா, உன்னை விட மாட்டார்கள் என்றான். உண்மையை எழுதுகிறேன். அதே நேரத்தில், இப்படியே விட்டால் இனி உன் கடிதம் வராது என்பதும் தெரிந்தது.

அப்போது பானைப் பக்கத்தில் ஒரு கரண்டி மேலே போனது. எர்மின். "அந்தப் பொண்ணு என் பானைகிட்ட நின்னுதான் உன்னைப் பிடிச்சா, நான்தான் சாட்சி. போடா" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை. லாந்தர் பக்கத்தில் அந்தக் கிழவர். பிறகு எங்கே பார்த்தாலும் கை. டம்ப்ளிங் இரண்டு கையையும் தூக்கினான். "ரெண்டு கை கள்ள ஓட்டுடா, ஒண்ணை இறக்கு" என்று கூட்டம் கத்தியது. குடை பனியனும் லாந்தர் பனியனும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டதை நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ்டர் பெடாசியின் கார் வந்து நின்றது. இறங்கிப் பார்த்தார். ஜங்ஷன் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அரசியலுக்கு வந்ததிலிருந்து அந்த மனுஷன் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே, "தண்ணி வருது, கண்டிப்பா வருது" என்று சொல்லிக்கொண்டு நடந்து வந்தார். ஒருத்தரும் அவரைத் திருத்தவில்லை.

எர்மின் என்னைப் பார்த்துக் கேட்டாள், "உன் ஓட்டு எங்கடா?"

ஒரு கையில் மைக், ஒரு கையில் உன் கடிதம். கடிதத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மைக்கை லாரிப் பலகை மேல் வைத்தேன். அது உருண்டு வீறிட்டது. கையைத் தூக்கினேன்.

காகிதங்களில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயம் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் ஒரு வார்த்தை புரியாமல் என் ஜோக்குக்குச் சிரிக்கிற பாட்டி ஒருவர் அங்கே இருக்கிறாராமே. அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவை.

கோட்டில் ஒரு பட்டன் போய்விட்டது. மேடையில் ஆடியதில்.

உன் ஆல்வின்


டொராண்டோ
9 ஏப்ரல் 1985

என் ஆல்வின்,

உன் கடிதத்தை ரயிலில் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். மிஸ்டர் பெடாசி தோற்றுவிட்டாராமே. அத்தனை கையைப் பார்த்த பிறகு தோற்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும், பாவம்.

மிஸஸ் ஹோலோவ்கோவிடம் சைகையில் சொன்னேன். ஒரு ஆளைக் காட்டி, ஒரு விமானத்தைக் காட்டி, வாயைக் காட்டினேன். புரிந்ததோ இல்லையோ, தலைமுடியை வாரிவிடச் சொன்னார்.

சாக்ஸைத் துவைத்து எடுத்து வா. காப்பி மணத்தோடு வந்தாலும் பரவாயில்லை. பட்டனை இங்கே நான் தைத்துத் தருகிறேன். வருகிறவன் பேசினாலும் சரி, வந்த முதல் மாதம் ஊமையாக இருந்தாலும் சரி, எனக்கு அவன்தான் வேண்டும். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன். பதில் சொல்லிப் பழகினவள்தானே.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது, ஜெம்மாவிடம் மாற்றிக்கொண்டேன். இங்கே ஆறு மணி, அங்கே ஏழு. சமையலறையில் அந்தக் கேசட்டைப் போட்டேன். ஜெனரேட்டர், மைக், எர்மினின் குரல், தவளைகள். நீ பேச ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். தீர்ப்பு எதுவானாலும் கட்டுப்படுகிறேன் என்று வீறாப்பாக எழுதிவிட்டேனே தவிர, ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. உன்னை அவர்களுக்கு எத்தனை பிடிக்கும் என்பது மட்டும் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக நின்று நானும் கையைத் தூக்கினேன். தோள் வலித்தும் இறக்கவில்லை. ஒரு ஓட்டில் தோற்றுவிடக் கூடாதே என்று.

யூடீன்